அசல் பார்க்கும் லைமன் ஸ்ட்ரோம்

லைமன் ஸ்ட்ரோம் முதலில் காந்தத்தின் மேல் ஊதுவார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ஊதுவோமே, அந்த மாதிரி, தொண்டைக்குள்ளிருந்து சூடாக ஒரு மூச்சு. பிறகு அதைக் கைக்குட்டையின் ஒரு மூலையில் பொதிந்து, மிச்சத் துணியை நடுவிரலில் சுற்றிக்கொள்வார். பெயின்டில் கீறல் விழக் கூடாது. அதன் பின் கண்களை மூடிக்கொண்டு, காரின் பின்சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டில் காந்தத்தை வைத்து மெதுவாக இழுப்பார். தகடு தகடாகவே இருந்தால் காந்தம் முரண்டு பிடிக்கும். துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்குகிற இடத்தில் லைமன் கண்ணைத் திறப்பார். காரின் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருப்பார், பெரும்பாலும் வானத்தை.

பழகிப் பழகி, இது எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கும் வியாதியாகிவிட்டது. மில்லர்ஸ்ஃபோர்க் சர்ச் விருந்தில், வெள்ளிக் கரண்டி என்று பெருமையாக அடுக்கி வைத்திருந்ததைக் காந்தத்தில் ஒட்டித் தூக்கிக் காட்டி, அதைக் காணிக்கை கொடுத்த குடும்பத்தையே வேறு சர்ச்சுக்கு அனுப்பி வைத்தவர் அவர். அதற்காக அவர் வருந்தவில்லை. கரண்டி இரும்பு; அவர் என்ன செய்ய முடியும்?

பிழைப்புக்கு லைமன் பல் செய்தார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்கு ஏற்றபடி பொய்ப்பல் செட் செய்து தரும் கூடத்தில் வேலை. ஒஹாயோவின் அந்தப் பக்கத்து மாவட்டங்களில் அவர் செய்யும் பல்லுக்குத் தனிப் பெயர் இருந்தது. முன்பல் ஒன்றை மயிரிழை அளவு சாய்த்து வைப்பார். ஓரத்தில் காபி குடித்த கறை மாதிரி ஒரு நிழல் தீட்டுவார். "ரொம்ப ஒழுங்கா இருந்தா பொய்னு தெரிஞ்சிரும்" என்பார். பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் போலிகளைக் கண்டுபிடிக்கப் புறப்படுவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் அசல் பார்த்தது ஒரே ஒரு வகைக் காருக்கு. டன்மோர் ரெய்டர், எழுபதாம் ஆண்டு மாடல். பெரிய எஞ்சினைச் சின்ன உடம்பில் திணித்து, நேராக ஓட மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிய வண்டி. திரும்பச் சொன்னால் யோசிக்கும். புதிதாக இருந்த காலத்தில் இளவட்டங்கள் அதை வாங்கி மரங்களில் மோதினார்கள். மோதாமல் தப்பித்தவை இப்போது போர்வை போர்த்திக்கொண்டு ட்ரெய்லரில் ஏறிக் கண்காட்சிக்குப் போய் வருகின்றன, மூட்டுவலிக்காரர்கள் சக்கர நாற்காலியில் போவதைப் போல. டன்மோர் ஆலை பக்கத்து நகரத்தில்தான் இருந்தது. மூடி வெகுகாலமாகிவிட்டது. ஆலை இருந்தவரை அதைத் திட்டாதவர் கிடையாது. மூடிய பிறகு டன்மோர் சங்கம் பிறந்தது.

சங்கத்துக்கு ஒரே கொள்கை: ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி. ஆலையில் வேலை செய்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு செய்ததையெல்லாம் சங்கத்துக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பச் செய்தார்கள். அங்கே கோணலாக ஒட்டிய ஸ்டிக்கரை இவர்கள் அளவுகோல் வைத்துக் கோணலாக ஒட்டினார்கள். எங்கெங்கே என்னென்ன தப்பு இருக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் லைமன்தான் எழுதி வந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் வழிந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிய மாதத்தில், மூன்று மாவட்டங்களில் ஆண்கள் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்கள்.

டெல்மர் ப்ரூவிட் அவர்களில் ஒருவர். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் உலை பொருத்தித் தரும் தொழில். நல்ல கைக்காரர். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் தகரத் துண்டுகளின் மேல் பெயின்டை வழியவிட்டுப் பழகிவிட்டுத்தான் தன் காரில் வழியவிட்டார். கண்காட்சியில் லைமன் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டெல்மர், இது வழிஞ்சது இல்ல."

"பின்ன?"

"வழிய விட்டது."

டெல்மர் அதன் பிறகு இரண்டு வருடம் லைமனோடு வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்.

பத்திரிகையில் லைமனின் பகுதிக்கு மேலே எப்போதும் ஒரு வரி அச்சாகியிருக்கும்: 'சொந்தக்காரர் சொல் சாட்சியாகாது.' காரணம் இருந்தது. எந்தக் காரில் எந்தக் குறையைக் காட்டினாலும் சொந்தக்காரர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு." அப்பா வாங்கிய கார் என்று ஒருவர் கண்கலங்கிச் சொல்லியிருக்கிறார். லைமன் கைக்குட்டையைக் கொடுத்தார், காந்தத்தை எடுத்துவிட்டு. மதிப்பெண் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் லைமனிடம் ஒரு ரெய்டர் கிடையாது. பத்தொன்பது வயதில் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று அவரைக் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. வாங்க வேண்டும் என்று அன்றிலிருந்து தேடுகிறார். பார்த்த ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று அசல் இல்லை. தன் வீட்டு கராஜின் தரைக்குச் சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்து, பெருக்கித் துடைத்து, வரப்போகிற காருக்காகக் காலியாக வைத்திருந்தார். அவர்கள் ஓட்டுகிற சின்னக் கார் வெளியே பனியில் கிடந்தது. குளிர்காலக் காலைகளில் அவர் மனைவி வெர்லீன், காலியான கராஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போவாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பொறுமை அவளுக்குத் தொழில் பழக்கம். அதுவும் ஒரு வசந்த காலத்தில் தீர்ந்துபோனது.

"லைமன், ஒண்ணு அந்தக் கார் வரணும், இல்ல படுக்கை, அடுப்பெல்லாம் உள்ளயே இருக்கிற கேம்பர் வண்டி ஒண்ணு வரணும். அறுவடைத் திருவிழா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன்னால முடியலைன்னா கேம்பர். ஏரிக்கரையில போய் நாற்காலி போட்டு உக்காரப் போறேன். நீயும் வரலாம்."

"கெடைக்கலையே வெர்லீன். நான் என்ன பண்றது?"

"கெடைக்கலையா? உனக்கு ஆதாமைக் காட்டினாக்கூட விலா எலும்பு அசல் செட்டு இல்லைன்னு சொல்லிருவ."

தகவலைக் கொண்டு வந்ததும் வெர்லீன்தான், ட்வைலா ஹென்ஸின் அழகு நிலையத்தில் தலைமயிர் உலர்த்தும் கூண்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டது. ட்வைலா தன் காரை விற்கப் போகிறாள். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுக்கிறது. கார், எழுபதாம் ஆண்டு ரெய்டர். புதிதாக வாங்கியவளும் அவளே, இன்றுவரை ஓட்டுபவளும் அவளே.

அந்தக் காரை லைமன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தினமும் பிரதான வீதியில் போகும், டிக்கியில் ஷாம்பு டப்பாக்களோடு. ஒருநாளும் அதை ரெய்டராக அவர் பார்த்ததில்லை. காய்கறி வாங்கப் போகிற கார் எப்படி அசலாக இருக்கும்?

சங்கத்தில் ஒரு விதி உண்டு. உறுப்பினர் தனக்கென்று கார் வாங்கினால் தானே அசல் பார்க்கக் கூடாது. சங்கத்தில் அசல் பார்க்கும் இன்னொருவர் கூட வந்து பார்த்து ஒப்ப வேண்டும். பெண் கேட்டுப் போகிறவனே ஜாதகமும் பார்த்தால் எப்படி என்ற நியாயம்தான். விதியை எழுதியவர் லைமன். மாவட்டத்தில் அவரைத் தவிர அசல் பார்க்கத் தகுதி பெற்ற ஒரே ஆள் டெல்மர் ப்ரூவிட்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து லைமன், வெர்லீன், டெல்மர் மூவரும் ட்வைலா வீட்டுக்குப் போனார்கள். வெர்லீன் தோட்டத்தில் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். ட்வைலா ஊரில் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், ஷெரீஃப் உட்பட.

"வாங்க கண்ணு, வாங்க. நாயைக் கட்டிட்டேன். ஐஸ் டீ தரட்டா, இல்ல அதையும் காந்தம் வச்சுப் பாத்துட்டுத்தான் குடிப்பீங்களா?"

லைமன் காந்தத்தின் மேல் ஊதினார். பின்சக்கரத்து மேல்தகடு முரண்டு பிடித்தது. அடுத்த பக்கமும் பிடித்தது. கதவுக்குக் கீழே, டிக்கிக்குள், உதிரி டயருக்கு அடியில், எங்கும் வழுக்கவில்லை. எஞ்சினில் பொறித்த எண்ணும் சேஸிஸில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தன. கதவுகளைச் சுற்றி இருந்த இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தது, ஆலையில் எப்படி அலட்சியமாகப் பூட்டினார்களோ அப்படியே. லைமனின் காது சிவந்துகொண்டே வந்தது. கடைசியாக டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். வெளியே அவருடைய இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன.

"டெல்மர்!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஈ!"

"என்ன ஈ?"

"பெயின்ட் வழிஞ்சிருக்கு. அதுல ஒரு ஈ செத்துக் கெடக்கு. ஆலை ஈ!"

டெல்மரும் குனிந்து பார்த்தார். "ஈயை அப்புறமா ஒட்ட வச்சிருக்கலாமே."

"காலு பெயின்டுக்குள்ள இருக்கு, டெல்மர். உசுரோட விழுந்த ஈ இது. யாராலயும் இதைச் செய்ய முடியாது."

ட்வைலா வெர்லீனிடம் திரும்பினாள். "எங்க வீட்டு சமையல் அறையில நெறைய இருக்கு கண்ணு. எல்லாம் அசல். வேணும்னா எடுத்துக்கச் சொல்லு."

லைமன் எழுந்து நின்றபோது சட்டை முழுக்கத் தூசி. முகத்தில், பனி சுரண்ட வேண்டியில்லாத ஒரு காலை விடிந்திருந்தது. வெர்லீன் அதைக் கவனித்தாள். கேம்பர் போனது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் வருத்தமில்லை.

அப்போதுதான் டெல்மர் ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்று கூப்பிட்டார். "லைமன், இங்க கொஞ்சம் வா."

உள்ளே எல்லாம் கறுப்பு. இருக்கை கறுப்பு, விரிப்பு கறுப்பு, பக்கத்து இருக்கை பெல்ட் கறுப்பு, பின்னால் இருந்தவையும் கறுப்பு. ஓட்டுநர் பெல்ட் மட்டும் நீலம். இத்தனை நேரம் அதன் மேல் ட்வைலாவின் கைப்பை கிடந்திருக்கிறது. கைப்பையை இப்போது டெல்மர் கையில் பிடித்திருந்தார், பணிவாக, சர்ச்சில் உண்டியல் பிடிப்பவர் மாதிரி.

"கறுப்பு உள்பக்கத்துக்குக் கறுப்பு பெல்ட்" என்றார் டெல்மர். "நீ எழுதினதுதான். அதுக்குக் கீழ இன்னொண்ணும் எழுதியிருந்த."

டெல்மர் அதை மனப்பாடமாகச் சொன்னார். "'பெல்ட் மாறியிருந்தால் வண்டி உருண்டிருக்கிறது என்று பொருள். உருண்ட வண்டியில் வேறு என்னென்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.'"

"உருண்டேனா?" ட்வைலா இடுப்பில் கைவைத்தாள். "நானா? இந்த ஊர்ல நான் உருண்டிருந்தா, வண்டி நிமிர்றதுக்குள்ள என் கடையில அதைப் பேசி முடிச்சிருப்பாங்க. வரும்போதே அது நீலந்தான் கண்ணு. அன்னிக்கே கேட்டேன், 'ஏன்யா, இது மட்டும் ஏன் இப்படி'ன்னு. 'நீலமும் அதே அளவுக்கு இறுக்கும்மா'ன்னான் கடைக்காரன். எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. பெல்ட்டையா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

"வரும்போதே இப்படித்தான் இருந்துச்சாம்" என்றார் டெல்மர், யாரிடமும் இல்லாமல்.

வெர்லீன் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள். "வாங்கிடு லைமன். நீலம் உனக்கு நல்லாத்தான் இருக்கும்."

ட்வைலா சாவியை எடுத்து லைமனின் நெஞ்சுக்கு நேரே வீசினாள். "பேசாம ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. காரை வாங்க வந்துட்டு, அதோட அடியிலயே படுத்துக் கெடந்தா எப்படி?"

அசல் பார்ப்பவர்கள் ஓட்டுவதில்லை. ஓட்டினால் மனசு சாய்ந்துவிடும் என்று அதையும் லைமன் எழுதியிருந்தார். இருந்தும் ஏறி உட்கார்ந்தார். நீல பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அது பூட்டிக்கொண்ட சத்தம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. தானியக் கிடங்கைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. இரு பக்கமும் சோளம், ஆள் உயரத்துக்கு. மிதித்தார். முதுகை யாரோ பின்னாலிருந்து இழுத்து அணைத்துக்கொண்டது போல இருந்தது. பெட்ரோல் பங்கில் தன்னைக் கடந்து போன சத்தம் இப்போது தன் பாதத்துக்கு அடியிலிருந்து வருவதை அவர் கேட்டார். அதில் எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்க மறந்துபோனார். சோளக்காட்டில் நின்றிருந்த ஒருவர், பல் செய்கிற ஸ்ட்ரோம் வாயைத் திறந்து கத்திக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்.

திரும்பி வந்து நிறுத்தியபோது டெல்மர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். லைமன் இறங்கவில்லை. இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ட்வைலா பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் சிக்கல். பொய்யாக இருந்தால் மாறிய பெல்ட்டைக் காட்டிப் பேரம் பேசி வாங்கிவிடலாம்; அவர் எழுதியது அப்படியே நிற்கும். அவள் சொன்னது உண்மையென்றால், வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று இத்தனை வருடமாகச் சொன்ன எல்லோரும் வரிசையாக வந்து வாசலில் நிற்பார்கள். அப்பாவின் காரைக் கொண்டு வந்தவர் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க வருவார். அவர்களுக்கு இல்லாத சாட்சி இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இந்தக் காரில் அவர் உட்காரலாம். உட்கார்ந்தால் சங்கப் பத்திரிகையில், சொந்தக்காரர் சொல் சாட்சியாகாது என்ற வரிக்குக் கீழே இனி எழுத முடியாது. பெல்ட்டைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கங்க, ட்வைலா. பெல்ட் அசல் இல்ல."

"பெல்ட் கெடக்கட்டும் கண்ணு. கார் வேணுமா, வேணாமா?"

லைமன் காரைப் பார்த்தார். வேண்டும் என்று அவர் முகம் முழுக்க எழுதியிருந்தது. "வேணாம்" என்றார்.

வெர்லீன் எழுந்தாள். கோப்பையில் மிச்சமிருந்த டீயைப் புல்லில் ஊற்றினாள். தங்கள் சின்னக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை அவள் பேசிய ஒரே வாக்கியம்: "உள்ள ரெண்டு அடுப்பு இருக்கிற மாதிரி கேம்பரா பாக்கணும்."

அந்த வாரம் முடிவதற்குள் டெல்மர் ட்வைலாவின் காரை வாங்கிவிட்டார். ஒரு ரெய்டர் வீட்டில் இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டவர்களிடம், பாவம், அந்தம்மாவுக்கு முழங்கால் வலி என்றார். அறுவடைத் திருவிழாக் கண்காட்சிக்கு அது ட்ரெய்லரில் போர்வையோடு வந்து இறங்கியது. ஓட்டுநர் பெல்ட் இப்போது கறுப்பு. நடுவர் லைமன். ஊதினார், கண்ணை மூடினார், இழுத்தார். வழுக்கவில்லை. ஈ அதன் இடத்தில் இருந்தது. சொந்தக்காரர் சொல் சாட்சியாகாது என்பது போல, தனக்குத் தெரிந்ததும் சாட்சியாகாது என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும். முழு மதிப்பெண் போட்டார். முதல் பரிசு.

காகிதத் தட்டில் சாஸேஜோடு வந்த ட்வைலா கயிற்றுக்கு வெளியே நின்று தன் பழைய காரைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் போலியத்தான் ஓட்டியிருக்கேன் போல, கண்ணு" என்றாள். "இப்பத்தான் அசலாகியிருக்கு." பிறகு கடுகுச் சாஸைத் தேடிப் போய்விட்டாள்.

கேம்பர் வந்தது. சாம்பல் நிறத் தரையில் அது சரியாகப் பொருந்தி நின்றது. லைமன் பழக்கதோஷத்தில் அதன் பக்கச் சுவரில் காந்தத்தை வைத்தார். அலுமினியம். காந்தம் ஒரு நொடிகூட நிற்காமல் தரையில் விழுந்தது. வெர்லீன் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

அடுத்த கோடையில் ஏரிக்கரையில் ப்ரூவிட் தம்பதியும் பக்கத்திலேயே கூடாரம் போட்டார்கள். வெர்லீன்தான் கூப்பிட்டிருந்தாள். அவளுக்குச் சங்கத்து நியாயங்கள் பிடிபடாது. டெல்மர் மீன் பிடிக்கப் போன ஒரு காலையில், அவர் மனைவி ஆர்டிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மூடி திறந்துகொள்ளாமல் இருக்கப் பெட்டியைச் சுற்றி ஒரு பட்டை இறுக்கிப் பூட்டியிருந்தது. நீலப் பட்டை. பூட்டில் டன்மோர் முத்திரை.

லைமன் அதைத் தொட்டார். "ட்வைலாவோட பெல்ட்டா இது?"

"இல்லையே" என்றாள் ஆர்டிஸ், உருளைக்கிழங்கு சாலட்டை வெளியே எடுத்தபடி. "அவளோடது ஷெட்டுல ஆணியில தொங்குது. இது எங்க பழைய ரெய்டர்ல இருந்தது. டெல்மரோட அண்ணன் புதுசா எடுத்தப்பவே நீலமாத்தான் வந்துச்சு. நீங்க மொதமொதல்ல பாக்க வர்றீங்கன்னதும் டெல்மருக்கு ஒரே பயம். ராத்திரியோட ராத்திரியா அறுத்துப் போட்டுட்டாரு. கெட்டியான பட்டை, வீணாக்குவானேன்னு நான் எடுத்து வச்சுக்கிட்டேன். கோழியில கால் வேணுமா, நெஞ்சுப் பகுதி வேணுமா?"

எழுபதாம் ஆண்டு வசந்த காலத்தில் டன்மோர் ஆலையில் கறுப்பு பெல்ட் தீர்ந்துபோய், கையில் கிடைத்த நீலத்தைப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். சங்கத்தில் இன்னும் சிலரிடம் இருந்த ரெய்டர்களும் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் வண்டியில் மட்டும்தான் இந்தத் தப்பு என்று நினைத்து, லைமன் வருவதற்குள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கறுப்பாக மாற்றியிருக்கிறார்கள்.